அடியில் நெருப்பு, மேலே பனிக்கட்டி

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் காருக்குப் பின்னால் ஒரு வீட்டுவண்டியை மாட்டி இழுத்துச் செல்வார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். சினிமா படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த வீட்டுவண்டிகளில் பலவற்றில் உள்ள ஃபிரிட்ஜின் பின்பக்கம், அடியில், விரல் நுனி அளவுக்கு ஒரு நீலச் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சுடர் எரியும்வரை மேலே உள்ள அறையில் ஐஸ் உறையும். சுடர் அணைந்தால் ஐஸ் உருகத் தொடங்கும். உள்ளே மோட்டார் கிடையாது, கம்ப்ரசர் கிடையாது, 'உர்' என்ற சத்தமும் கிடையாது. நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்குவது எப்படி முடியும்?

இதை நம் ஊர்ப்பக்கம் கொண்டுவந்து பார்ப்போம். அரியலூர் மாவட்டத்துத் தா.பழூரில் ஒருவர் பழைய வேன் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டுக் கடையாக மாற்ற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கடைத்தெரு, மதியம் ஜெயங்கொண்டம் சாலை, மாலையில் மதனத்தூர்ப் பாலத்துப் பக்கம் என்று வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். பால், தயிர், மாவு, மீன், குளிர்பானம் எல்லாவற்றுக்கும் ஃபிரிட்ஜ் வேண்டும். வீட்டில் இருக்கும் 190 லிட்டர் ஃபிரிட்ஜையே தூக்கி வண்டியில் வைத்துவிடலாமா? அல்லது அந்த வீட்டுவண்டிக்காரர்கள் மாதிரி கேஸில் ஓடுகிற ஃபிரிட்ஜைத் தேடிப் போக வேண்டுமா? வெளிநாட்டு வீட்டுவண்டிக்காரர்கள் இந்தக் கேள்வியில் இரண்டு பக்கமும் போய் வருகிறார்கள். சிலர் கேஸ் ஃபிரிட்ஜை எடுத்துவிட்டு வீட்டு ஃபிரிட்ஜை வைக்கிறார்கள். சிலர் வீட்டு ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டுப் பழையபடி கேஸ் ஃபிரிட்ஜுக்கே திரும்புகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அது என்ன நியாயம் என்று தெரிய, குளிர் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆவியாகும்போது கழியும் சூடு

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்பக்கம் ஆவியாகிறது. நீர்மம் ஆவியாக மாற வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் 1760களில் இதை அளந்து காட்டினார். கொதிக்கும் நீருக்கு எவ்வளவு சூடு கொடுத்தாலும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. கொடுத்த வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. வெப்பமானியில் தெரியாமல் ஆவிக்குள் ஒளிந்துகொள்ளும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

வழக்கமான ஃபிரிட்ஜ்கள் எல்லாம் இந்த ஒரே சங்கதியைத்தான் செய்கின்றன. ஃபிரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. இதற்கு எளிதில் ஆவியாகும் ஒரு பொருள் வேண்டும். இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். அது நம் காற்றழுத்தத்தில் சுமார் மைனஸ் 12 டிகிரியிலேயே கொதிக்கும். ஐஸ் கம்பெனிகளில் பயன்படும் அமோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும்.

ஆவியாக்குவது எளிது. ஆவியான பொருளைத் திரும்ப நீர்மமாக்கி மறுபடியும் பயன்படுத்துவதுதான் கடினம். பானையில் போன நீர் போனதுதான். நாம் புதிதாக ஊற்றுகிறோம். ஃபிரிட்ஜில் அப்படி ஊற்றிக்கொண்டிருக்க முடியாது. கம்ப்ரசர் வேண்டியிருப்பது இதற்காகத்தான். உள்ளே ஆவியாகி வந்த வாயுவை அது இறுக்கி அழுத்துகிறது. அழுத்தத்தில் வாயு சூடாகிப் பின்பக்கக் குழாய்களில் ஓடுகிறது. அங்கே சூட்டை அறைக்குள் விட்டுவிட்டு மறுபடி நீர்மமாகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜின் பக்கவாட்டிலோ பின்பக்கமோ கையை வைத்துப் பாருங்கள். கையில் சுடுவது பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் வெளியேற்றப்பட்ட சூடு. கம்ப்ரசர் செலவழித்த மின்சாரமும் அதோடு சேர்ந்திருக்கிறது.

கம்ப்ரசரின் வேலையைச் செய்த தண்ணீர்

அழுத்தாமலே அந்த வாயுவைப் பிடிக்க ஒரு வழி உண்டு. அமோனியாவுக்கும் தண்ணீருக்கும் உள்ள ஈர்ப்பு அபாரமானது. 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அமோனியா வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் உறிஞ்சிய அமோனியா வெளியேறிவிடும். ஆக, குளிர்ந்த தண்ணீர் வாயுவை இழுக்கிறது. சூடான தண்ணீர் வாயுவைத் தள்ளுகிறது. கம்ப்ரசர் செய்வதும் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளும் வேலைதான்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு லண்டனில் மைக்கேல் ஃபாரடே செய்த சோதனை சாட்சி. 1823-இல் அவர் வாயுக்களை நீர்மமாக்கும் முயற்சிகளில் இறங்கினார். அமோனியாவுக்கு அவர் எடுத்துக்கொண்டது வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று. அதன் ஒரு முனையில், தண்ணீருக்குப் பதிலாக, அமோனியாவை உறிஞ்சிய சில்வர் குளோரைடு தூளை வைத்து, இரு பக்கமும் மூடி உருக்கி ஒட்டினார். தூள் இருந்த முனையைச் சூடாக்கி, மறுமுனையைக் குளிர வைத்தார். வெளியேறிய அமோனியாவுக்குப் போக இடம் இல்லை. குழாய்க்குள் அழுத்தம் ஏற, குளிர்ந்த முனையில் அது நீர்மமாகச் சேர்ந்தது. சூட்டை நிறுத்தியதும் நடந்ததுதான் முக்கியம். ஆறிய தூள் அமோனியாவை மறுபடியும் உறிஞ்சத் தொடங்கியது. மறுமுனையில் இருந்த நீர்மம் கொதித்து ஆவியானது. அந்த முனை சில்லிட்டது. ஒரு முனையில் சூடு வைத்ததன் விளைவாக மறுமுனையில் குளிர். உறிஞ்சல் குளிர்பதனத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தது.

அதை ஐஸ் செய்யும் இயந்திரமாக்கியவர் பிரான்சின் ஃபெர்டினாண்ட் கரே. 1859-இல் அவர் அமோனியாவும் தண்ணீரும் கொண்ட இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்தில் சென்னைக்கு ஐஸ் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அதை இறக்கி வைக்க 1842-இல் மெரினா எதிரே கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம். பூமியின் மறுபக்கத்திலிருந்து ஐஸ் சுமந்து வந்த காலத்தில், விறகை எரித்தே ஐஸ் செய்யலாம் என்று ஒருவர் காட்டியது எவ்வளவு பெரிய செய்தி!

கரேயின் இயந்திரத்தில் ஒரு குறை இருந்தது. வாயு உறிஞ்சப்படும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. சூடாக்கும் பக்கத்தில் அதிகம். குறைந்த அழுத்தத்தில் இருக்கும் கரைசலை உயர் அழுத்தப் பக்கத்துக்கு ஏற்ற ஒரு பம்பு தேவைப்பட்டது. பம்பு என்றால் அசையும் பாகம், தேய்மானம், கசிவு. அமோனியா கசிந்தால் கண்ணும் மூக்கும் தாங்காது.

கொடியில் காயும் வேட்டி

இந்தப் பம்பை ஒழித்தவர்கள் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இருவர்: பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ். 1922-இல் அவர்கள் வடிவமைத்த ஃபிரிட்ஜை 1925-இல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் வாங்கி உலகெங்கும் விற்றது. இன்று வீட்டுவண்டிகளில் இருப்பதும், பெரிய ஓட்டல் அறைகளில் சத்தமில்லாமல் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பதும் அடிப்படையில் அதே வடிவம்தான்.

அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. குழாய் முழுவதும் ஒரே அழுத்தம் இருக்கட்டும், பம்பே வேண்டாம் என்றார்கள். காற்றழுத்தத்தைப் போல் 20 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் எல்லா இடத்திலும். ஆனால் அந்த அழுத்தத்தில் அமோனியா 50 டிகிரியில்கூட நீர்மமாகவே இருக்கும். அது ஆவியானால்தானே குளிரும்? அதை எப்படி ஆவியாக்குவது?

இதற்கான விடை நம் வீட்டுக் கொடியில் தொங்குகிறது. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். ஆனால் துவைத்துப் போட்ட வேட்டி 32 டிகிரி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. மேலே காற்று முழு அழுத்தத்தோடு அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது; இருந்தும் நீர் ஆவியாகிப் போகிறது. காரணம், அந்தக் காற்றில் நீராவியின் பங்கு மிகக் குறைவு. நீர் ஆவியாக முடியுமா முடியாதா என்பதை அந்தச் சிறிய பங்கு கொடுக்கும் அழுத்தமே தீர்மானிக்கிறது. மற்ற வாயுக்கள் எவ்வளவு அழுத்தினாலும் அதற்குப் பெரிய தடை இல்லை. ஜான் டால்டன் 1801-இல் சொன்ன பகுதி அழுத்த விதி இதுதான். ஐப்பசி அடைமழையில் அதே வேட்டி இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருப்பது, காற்றில் ஏற்கெனவே நீராவி நிரம்பிவிட்டதால்.

இப்போது வேட்டியின் ஈரத்துக்குப் பதில் நீர்ம அமோனியா. காற்றுக்குப் பதில் ஹைட்ரஜன். பிளாட்டனும் முண்டர்ஸும் ஃபிரிட்ஜின் குளிரும் பகுதியில் ஹைட்ரஜனை நிரப்பினார்கள். அதற்குள் வந்து விழும் நீர்ம அமோனியாவுக்கு அங்கே அமோனியா ஆவியே இல்லாத வறண்ட சூழல். மொத்த அழுத்தம் குறையாமலே அது சட்டென்று ஆவியாகி, உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. சிறிது நேரத்தில் அந்த ஹைட்ரஜன் அடைமழைக் காற்று மாதிரி அமோனியாவால் நிரம்பிவிடும். அப்போது அதைக் கழுவித் துடைக்க வேண்டும். அந்த வேலையை முன்னே சொன்ன தண்ணீர் செய்கிறது. அமோனியாவை அது உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் மட்டும் மறுபடி உலர்ந்து திரும்புகிறது.

குழாய் வழியே ஒரு சுற்று

பின்பக்கத்துக் குழாய்களை அடியிலிருந்து பின்தொடர்வோம். கீழே கொதிகலன். அமோனியா கரைந்த தண்ணீர் அதற்குள் இருக்கிறது. சுடர் அதைச் சூடாக்குகிறது. கொதிகலனிலிருந்து மேலே போகும் மெல்லிய குழாயில் குமிழிகள் எழும்பும்போது, இரண்டு குமிழிகளுக்கு நடுவே சிக்கிய கரைசலும் துண்டுதுண்டாக மேலே ஏறிவிடும். கரைசலை உயரத்துக்கு ஏற்றுவது இந்தக் குமிழிப் பம்புதான். அசையும் உலோகப் பாகம் ஒன்றுகூட அதில் கிடையாது.

மேலே போனதும் அமோனியா ஆவி தனியே பிரிந்து, உச்சியில் உள்ள தகடு பொருத்திய குழாயில் ஆறி நீர்மமாகிறது. இதற்கு ஒடுக்கி என்று பெயர். அங்கிருந்து தன் எடையாலேயே வழிந்து, ஃபிரிட்ஜின் உள்ளே இருக்கும் ஆவியாக்கிக்குள் இறங்கி, ஹைட்ரஜனைச் சந்திக்கிறது; குளிர் பிறக்கிறது. அமோனியா சேர்ந்த ஹைட்ரஜன், வெறும் ஹைட்ரஜனைவிடக் கனம். அதனால் அது தானாகவே கீழே இறங்கி உறிஞ்சிக்குள் போகிறது. மேலிருந்து வழிந்துவரும் தண்ணீர் அமோனியாவை வாங்கிக்கொள்ள, இலேசான ஹைட்ரஜன் தானாகவே மேலே ஏறுகிறது. அமோனியா சேர்ந்த தண்ணீர் கொதிகலனுக்குத் திரும்புகிறது. ஏறுவதற்கு வெப்பம், இறங்குவதற்கு எடை. இந்த இரண்டைத் தவிர வேறு விசை இதில் இல்லை.

ஃபிரிட்ஜ் வேலை செய்கிறதா என்று மெக்கானிக் பார்ப்பதும் இந்தச் சுற்றை வைத்துத்தான். கொதிகலன் சூடாகி, உறிஞ்சிக் குழாயும் தொட்டால் சுடுகிற அளவுக்கு வந்து, உள்ளே குளிர்ச்சி ஏறினால் சுற்று ஓடுகிறது. கொதிகலன் மட்டும் கொதித்து மற்றக் குழாய்கள் சூடேறாமல் கிடந்தால் எங்கோ அடைப்பு. துரு பிடிக்காமல் இருக்க உள்ளே சோடியம் குரோமேட் என்ற மஞ்சள் உப்பைக் கலந்திருப்பார்கள். வெளியே மஞ்சள் கறை தெரிந்தால் குழாய் ஓட்டை என்று பொருள்.

இதன் பலவீனமும் இங்கேதான். எல்லாம் எடையால் வழிவதால் ஃபிரிட்ஜ் மட்டமாக நிற்க வேண்டும். மூன்று டிகிரிக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்து நின்றால், பல வகைகளில் கரைசல் ஓரிடத்தில் தேங்கிவிடும். கொதிகலன் வறண்டு அளவுக்கு மீறிச் சூடாகும்; குரோமேட் சிதைந்து படிவாகிக் குழாயை அடைக்கும். ஓடும் வண்டியில் ஆட்டத்தோடு ஆட்டமாகக் கரைசல் நகர்ந்துவிடும். சரிவில் நிறுத்திய வண்டியில்தான் ஆபத்து. வீட்டு ஃபிரிட்ஜுக்கு நிற்கும்போது இவ்வளவு கண்டிப்பு இல்லை. கடையிலிருந்து கொண்டுவரும்போது அதைப் படுக்க வைக்காதே என்பார்கள். கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும் என்பது அதற்குக் காரணம்.

பிளாட்டன், முண்டர்ஸைப் போலவே இயற்பியலாளர்கள் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் 1926 முதல் சில ஆண்டுகள் அசையும் பாகம் இல்லாத ஃபிரிட்ஜுக்காக உழைத்தார்கள். 1930-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்கள். அந்தக் காலத்துக் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்களில் இருந்த நச்சு வாயு கசிந்து பெர்லினில் ஒரு குடும்பமே இறந்த செய்திதான் அவர்களை இதில் இறக்கியது. தேயாத, கசியாத ஃபிரிட்ஜ் என்பது அன்று உயிர் காக்கும் விஷயமாக இருந்தது.

வேனுக்குக் கணக்குப் போடுவோம்

இனி தா.பழூர் வேனுக்கு வருவோம். 190 லிட்டர் வீட்டு ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் எடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்தால் அது ஒன்றரை யூனிட் வெப்பத்தையாவது உள்ளிருந்து வெளியேற்றும். அதாவது, பெட்டியின் சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் ஒரு நாளில் உள்ளே நுழையும் முக்கால் யூனிட் வெப்பத்தை, அரை யூனிட் செலவில் அது தள்ளிவிடுகிறது.

அதே அளவு வெப்பத்தை, கேஸில் ஓடும் உறிஞ்சல் ஃபிரிட்ஜ் தள்ள எவ்வளவு செலவாகும்? அது ஒரு யூனிட் வெப்பம் வாங்கிக்கொண்டு ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்குதான் வெளியேற்றும். கணக்குப் பார்த்தால் கேஸிலிருந்து நாளுக்கு மூன்றே முக்கால் யூனிட் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ சமையல் கேஸை எரித்தால் சுமார் 12.8 யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆகவே நாளுக்கு 300 கிராம். கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் ஒன்று இரண்டு மாதம் வரும்.

அரை யூனிட் எங்கே, மூன்றே முக்கால் எங்கே! உறிஞ்சல் ஃபிரிட்ஜ் வீண் என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெய்வேலி போன்ற அனல் மின்நிலையத்தில் எரிபொருளின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அந்த அரை யூனிட்டுக்குப் பின்னால் ஒன்றரை யூனிட் வெப்பம் இருக்கிறது. அப்போதும் வீட்டு ஃபிரிட்ஜே மேல்.

மின்கம்பியே இல்லாத இடத்தில் சின்ன ஜெனரேட்டரை வைத்து ஓட்டினால்? ஆயிரம் வாட் ஜெனரேட்டர் 100 வாட் ஃபிரிட்ஜுக்காக மட்டும் ஓடும்போது, பெட்ரோலின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகக் கிடைக்கும். அரை யூனிட்டுக்கு ஐந்து யூனிட் வெப்பம். இப்போது கேஸ் சுடர் ஜெயித்துவிட்டது. சத்தமும் இல்லை, புகையும் குறைவு. காட்டுக்குள்ளோ பாலைவனத்திலோ வாரக்கணக்கில் நிறுத்தும் வீட்டுவண்டிக்காரர்கள் கேஸ் ஃபிரிட்ஜை விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். கையில் இருப்பது நெருப்பா, மின்சாரமா என்பதைப் பொறுத்தே எது சிக்கனம் என்பது மாறுகிறது.

தா.பழூரில் மின்சாரம் இருக்கிறது. இரவில் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் கிடைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பகலுக்கு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வைத்தால் அதில் 1.8 யூனிட் இருக்கும். ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும் என்பதால் 0.9 யூனிட்தான் நம் கணக்கு. இன்வெர்ட்டர் தின்பது போக, ஃபிரிட்ஜ் ஒரு நாளைத் தாண்டி ஓடும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் கேட்கும். சின்ன இன்வெர்ட்டர் அந்த இடத்தில்தான் படுத்துவிடும். இதற்காகவே நேரடியாக 12 வோல்ட்டில், மெதுவாகக் கிளம்பி ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்கள் வந்திருக்கின்றன. கூரையில் 200 வாட் சூரியத் தகடு ஒன்று நம் வெயிலில் நாளுக்கு முக்கால் யூனிட்டுக்குக் குறையாமல் தரும். அப்படிப்பட்ட ஃபிரிட்ஜுக்கு அது போதும். உறிஞ்சல் ஃபிரிட்ஜிலும் 12 வோல்ட் வசதி உண்டு; ஆனால் அது வெறும் சூடேற்றும் கம்பி. 100 வாட்டுக்கு மேல் இடைவிடாமல் இழுத்து, மேலே சொன்ன பேட்டரியை அரை நாளுக்குள் காலி செய்துவிடும். வண்டி ஓடும்போது மட்டுமே அதைப் போடுவார்கள்.

இன்னொன்று நம் சித்திரை வெயில். உறிஞ்சல் ஃபிரிட்ஜின் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாக அமோனியாவை வாங்கும். வெளியே 40 டிகிரி என்றால் தண்ணீரின் ஈர்ப்பு குறைகிறது, ஃபிரிட்ஜ் திணறுகிறது. கம்ப்ரசருக்கும் வெயிலில் சிரமம் உண்டு, ஆனால் இவ்வளவு இல்லை. அதோடு உறிஞ்சல் ஃபிரிட்ஜின் பின்னால் வண்டிச் சுவரில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு காற்றுத் துளைகள் வேண்டும். கீழே நுழையும் காற்று சூடாகி மேலே வெளியேறினால்தான் ஒடுக்கி ஆறும். சுடரின் புகையும் அந்த வழியே வெளியே போய்விட வேண்டும். உள்ளே தேங்கினால் கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்து. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையில் தேங்கும். தரை மட்டத்திலும் அது வெளியேற வழி விட வேண்டும். பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன் சுடரை அணைத்தே ஆக வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேஸ் ஃபிரிட்ஜை வைப்பது என்பது பெட்டியை மாற்றுவதோடு முடிவதில்லை. சுவரை, குழாயை, காற்றோட்டத்தை எல்லாம் மாற்ற வேண்டும்.

குளிரைச் சேமித்து வைப்பது

மூன்றாவது வழி ஒன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்துகள் பலவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் எட்டாத நாடுகளில் ஒரு காலத்தில் மண்ணெண்ணெயிலும் கேஸிலும் ஓடும் உறிஞ்சல் ஃபிரிட்ஜ்களே இதற்குக் கைகொடுத்தன. ஆனால் சுடரைக் கூட்டிக் குறைத்து வெப்பநிலையை அந்தக் குறுகிய எல்லைக்குள் நிறுத்துவது கடினம். திரி கரி பிடித்தால் ஃபிரிட்ஜ் சூடாகும். சுடர் மிகுந்தால் மருந்து உறையும். உறைந்தால் வீரியம் இழக்கும் தடுப்பூசிகள் உண்டு.

நம் சுகாதார நிலையங்களில் இப்போது இருப்பது ஐஸ் சுவர் கொண்ட ஃபிரிட்ஜ். உட்சுவரைச் சுற்றித் தண்ணீர்ப் பைகளோ குழாய்களோ வைத்திருப்பார்கள். மின்சாரம் இருக்கும்போது அது உறையும். மின்வெட்டில் அந்த ஐஸ் மெதுவாக உருகிக் குளிரைக் காக்கும். நாளில் எட்டு மணி நேரம் மின்சாரம் இருந்தால் போதும். பேட்டரியில் மின்சாரத்தைச் சேமிப்பதற்குப் பதில், குளிரையே சேமிக்கிறார்கள். தெருவில் வரும் ஐஸ்கிரீம் வண்டிகளில் பலவும் இப்படித்தான்: இரவில் உறைய வைத்த உப்புக்கரைசல் தகடுகள் பகல் முழுவதும் தாங்கும். அணைக்கரைப் பக்கம் மீன் வாங்கி விற்கிறவர்கள் தெர்மோகோல் பெட்டியில் உடைத்துப் போடும் ஐஸும் அதே கணக்குத்தான். எட்டு கிலோ ஐஸ் முழுவதும் உருக முக்கால் யூனிட் வெப்பம் வேண்டும். நம் வேன் ஃபிரிட்ஜுக்குள் ஒரு நாளில் நுழையும் வெப்பம் அதுவேதான்! இரவு பிளக்கில் உறைய வைத்த எட்டு கிலோ ஐஸ், பகல் முழுவதும் ஒரு பேட்டரியின் வேலையைச் செய்யும். அது விஷமும் கக்காது, சில ஆண்டுகளில் செத்தும் போகாது.

ஆகவே இந்த வேனுக்கு என் பரிந்துரை இதுதான்: நல்ல தடிமனான காப்புள்ள கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், இரவில் உறைய வைக்கும் ஐஸ் பைகள், முடிந்தால் கூரையில் ஒரு சூரியத் தகடு. கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும், ஆடாமல் இருக்கப் பட்டையும் போட வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜ் மேடுபள்ளச் சாலைக்காகச் செய்யப்பட்டதில்லை. வாங்கும் முன் மின்சாரம் அளக்கும் சிறு மீட்டர் ஒன்றைப் பிளக்கில் பொருத்தி, இருக்கும் ஃபிரிட்ஜ் ஒரு முழு நாளில் எத்தனை யூனிட் எடுக்கிறது என்று கோடையில் பார்த்துவிட வேண்டும். அந்த ஒரு எண் தெரிந்தால் பேட்டரி எவ்வளவு, தகடு எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று எல்லாம் தானே வந்துவிடும்.

அப்படியென்றால் நெருப்பால் குளிரும் ஃபிரிட்ஜுக்கு நம் மண்ணில் இடமே இல்லையா? நிச்சயம் உண்டு, ஆனால் அது வேனில் இல்லை. அதன் பெரிய குறை அதிக வெப்பம் தின்பது. எங்கே வெப்பம் ஏற்கெனவே வீணாகப் போய்க்கொண்டிருக்கிறதோ, அங்கே அந்தக் குறை குறையே இல்லை. இந்தியாவில் பெரிய ஆலைகளும் மருத்துவமனைகளும் கழிவு வெப்பத்தை வைத்தே ஓடும் உறிஞ்சல் இயந்திரங்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகின்றன; அவற்றில் பலவற்றில் தண்ணீரே ஆவியாகும் பொருள், லித்தியம் புரோமைடு உப்பு அதை உறிஞ்சும் பொருள். அரியலூர் மாவட்டத்தில் சிமெண்ட் சூளைகள் இரவும் பகலும் வெப்பத்தை வானத்தில் விடுகின்றன. நெல் அவிக்கும் ஆலைகளில் உமி எரிகிறது. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கை எரிகிறது. அதே வட்டாரத்தில் கொள்ளிடக் கரை விவசாயி, காய்கறியை இரண்டு நாள் வைத்திருக்கக் குளிர் அறை இல்லாமல், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். இந்த இரண்டையும் இணைக்கும் அறிவியல் 1859 முதல் நம்மிடம் இருக்கிறது. அதற்கான முதலீட்டையும் திட்டத்தையும் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.